இடுப்பு எக்ஸ்ரே ஏன் வெளுத்தது? தண்ணீர்த் தொட்டி வைத்து அளந்த அனுபவம்

"என்ன தம்பி, முதுகெலும்புப் படமெல்லாம் மோர் ஊத்தின மாதிரி இருக்கு?"

தை மாதத்தில் ஒரு நாள் டாக்டர் இப்படிக் கேட்டார். திரையில் இருந்தது தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரின் இடுப்புப் படம். வலை இழுக்கும்போது பிடித்துக்கொண்டது, பதினைந்து நாளாக நிமிர முடியவில்லை என்று வந்திருந்தார். நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பின் விளிம்பு தெரிகிறது, ஆனால் பக்கத்துச் சதையிலிருந்து பிரிந்து நிற்கவில்லை. படம் முழுக்க ஒரே சாம்பல்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன எக்ஸ்ரே மையத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் இருப்பது சி.ஆர். அமைப்பு, பிலிம் இல்லாத டிஜிட்டல் வகை. கேசட்டுக்குள் பாஸ்பர் தகடு, அதைப் படிக்க ஒரு ரீடர், பக்கத்தில் ஒரு கணினி, அவ்வளவுதான். டாக்டர் கேட்பதற்கு முன்னாடியே படம் சரியில்லை என்று எங்களுக்கும் பட்டிருந்தது. உடன் வேலை செய்யும் தம்பி மார்கழியிலேயே சொன்னான்: "அண்ணா, டோஸ் பத்தல. ரெண்டு படி ஏத்திப் போடுவோம்." ஏற்றினோம். ஏ.பி. இடுப்புக்கு, அதாவது மல்லாக்கப் படுக்கவைத்து முன்னாலிருந்து எடுக்கும் படத்துக்கு, 75 கே.வி.யில் 25 எம்.ஏ.எஸ். போட்டுக்கொண்டிருந்தவர்கள் 32 ஆக்கி, அப்புறம் 40க்குப் போய்விட்டோம். கே.வி. என்பது கதிர் எவ்வளவு ஊடுருவும் என்பதை முடிவு செய்யும் மின்னழுத்தம், எம்.ஏ.எஸ். என்பது எவ்வளவு கதிர் விடுகிறோம் என்ற அளவு. ரவை தூவினது போல இருந்த பொரி குறைந்தது. வெளுப்பு அப்படியே இருந்தது.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போன பிறகும் அந்த 40 மனதை விட்டுப் போகவில்லை. 25க்கும் 40க்கும் நடுவில் இருப்பது 60 சதவீதம். இரண்டு மாதமாக எங்கள் மேசையில் படுத்த ஒவ்வொருவர் உடம்பிலும் அந்த 60 சதவீதம் கூடுதலாக இறங்கியிருக்கிறது, அதுவும் படம் தேறாமலே. பிலிம் காலத்தில் இப்படி நடந்திருக்காது. டோஸ் கூடினால் பிலிம் கருத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும், நம் தப்பை அதுவே காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் மென்பொருள் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

படம் சரியில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உள்ளே மூன்று சங்கதி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருள் எவ்வளவு வித்தியாசமாகத் தெரிகிறது என்பது கான்ட்ராஸ்ட். ஒரே பொருளுக்குள் புள்ளி புள்ளியாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது நாய்ஸ், அதாவது அந்த ரவை. விளிம்பு எவ்வளவு சுருக்கென்று வெட்டி நிற்கிறது என்பது கூர்மை. டோஸை ஏற்றினால் இந்த மூன்றில் நாய்ஸ் ஒன்றுதான் குறையும். மற்ற இரண்டில் பழுது இருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் சரியாகாது. படித்த காலத்தில் பரீட்சைக்கு எழுதிய பாடம்தான். ஆனால் எங்கள் மேசைக்கு முன்னால் இதை நான் ஒரு நாளும் எண்ணாகப் பார்த்ததில்லை. இந்த முறை அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் டாக்டரிடம் அனுமதி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, நோயாளிகள் இல்லாத நேரம். அறைக்குள் யாரும் நிற்கக் கூடாது, கதவைச் சாத்தி வெளியிலிருந்துதான் சுவிட்சை அழுத்த வேண்டும், நம்மேல் படும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் போட்டிருக்க வேண்டும், ட்யூப் சூடாகாமல் ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கும் நடுவில் விட்டுவிட்டுப் போட வேண்டும். இதைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் இந்த நாலையும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்கும் தர உறுதிச் சோதனை தனி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதற்கான கருவியோடு, அங்கீகாரம் உள்ளவர்கள் வந்து செய்ய வேண்டியது அது. நான் செய்தது அதற்கு மாற்று இல்லை. நடுவில் ஏதோ கெட்டுப்போனால் எங்கே என்று தேடுவதற்கான வழி, அவ்வளவே.

ஒரு வயிறு வேண்டும். மனித வயிற்றுக்குப் பதில் தண்ணீர். எக்ஸ்ரே கதிருக்குச் சதையும் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். சி.டி. ஸ்கேனில்கூடத் தண்ணீரைத்தான் 0 என்று வைத்து மற்றதையெல்லாம் அளக்கிறார்கள், காற்று அதில் −1000. பாத்திரக் கடையில் 30க்கு 30 செ.மீ. அடி உள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேன். 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் 18 லிட்டர், 18 கிலோ. தூக்கி வைத்துவிட்டு ஊற்றக் கூடாது, மேசையில் வைத்துவிட்டுக் குடம் குடமாக ஊற்ற வேண்டும். அடியில் இரண்டு மடிப்பு பாலிதீன் ஷீட். மின்சாரம் ஓடும் மேசை, ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. ஊற்றினதும் படம் எடுத்தால் தொட்டியின் சுவரிலும் அடியிலும் ஒட்டிய காற்றுக் குமிழிகள் புள்ளி புள்ளியாக விழும். அரை மணி நேரம் விட்டு, ஒரு ஸ்கேலால் உள்ளே வழித்துவிட்டால் போய்விடும்.

தொட்டிக்கு அடியில் வைக்க 2 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகட்டில் 25 மி.மீ. சதுரமாக ஒரு துண்டு. ஜன்னல் பிரேம் அடிக்கும் கடையில் கழிவுத் துண்டிலிருந்து வெட்டிக் கொடுத்தார்கள். இதுதான் என் எலும்பு. துண்டு விழுந்த இடத்தின் சராசரி எண்ணுக்கும் பக்கத்துத் தண்ணீரின் சராசரி எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கான்ட்ராஸ்ட். தண்ணீர் இடத்துக்குள் எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பது, அதாவது திட்டவிலக்கம், நாய்ஸ். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதை சி.என்.ஆர். என்பார்கள், அது கூடினால் பொருள் நன்றாகத் தெரியும்.

கண்ணுக்கும் ஒரு சோதனை வேண்டும் என்று தோன்றியது. எண் நன்றாக இருந்து கண்ணுக்குத் தெரியாமல் போனால் என்ன பிரயோஜனம்? புதுச்சேரியில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் 10 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டில் ஒரு வெட்டுத்துண்டு கிடைத்தது. இதில் துளைகள் போட வேண்டும்: 8, 6, 4, 3, 2, 1 மி.மீ. விட்டத்தில் ஆறு வரிசை, ஒவ்வொன்றிலும் 4, 3, 2, 1 மி.மீ. ஆழத்தில் நாலு. மொத்தம் 24. பெரிய ஆழமான துளை சுலபமாகத் தெரியும், சின்ன ஆழமில்லாத துளை மறைந்துவிடும். எத்தனை தெரிகிறது என்று எண்ணிவிடலாம். இதே யோசனையில் விலைக்குக் கிடைக்கும் சிடிராட் என்ற பலகையில் 225 கட்டம் இருக்கும், துளை 8 மி.மீ.யிலிருந்து 0.3 மி.மீ. வரைக்கும் போகும். நமக்கு 24 போதும்.

துளை போடுவது நான் நினைத்ததுபோல எளிதாக இல்லை. முதுநகரில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். முதல் துளையிலேயே அக்ரிலிக் உருகி டிரில்லில் சுற்றிக்கொண்டது. வேகத்தைக் குறைத்து, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீர் விட்டுவிட்டுப் போட்டதும் சரியானது. இரண்டாவது பிரச்சினையைப் பட்டறைக்காரர்தான் கண்டுபிடித்தார். "சார், டிரில் முனை கூம்பு. நீங்க 1 மி.மீ. ஆழம் கேக்கறீங்க, இந்தப் பெரிய டிரில்லுக்குக் கூம்பே 2 மி.மீ. போயிடும். அடி தட்டையா வராது." சொல்லிவிட்டு அவரே ஒவ்வொரு டிரில்லின் முனையையும் தட்டையாகச் சாணை பிடித்தார். முதலில் மெல்லிய டிரில்லால் லேசாகத் தடம் போட்டுக்கொண்டு, பிறகு தட்டை முனையை இறக்கினார். ஒவ்வொன்றையும் வெர்னியரின் வால் பக்கத்துக் கம்பியை உள்ளே விட்டு அளந்து பார்த்தோம். 1 மி.மீ. விட்டத் துளைக்குள் அந்தக் கம்பி போகவில்லை, அங்கே ஒரு தையல் ஊசியை விட்டு அடையாளம் வைத்து அளந்தோம். அந்த மத்தியானம் முழுக்க அவர் என்னோடு இருந்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். அவர் அம்மாவின் இடுப்புப் படத்தையும் நாங்கள்தான் எடுத்தோமாம்.

சரி, முதல் ஞாயிறு. தொட்டி வைத்து, அலுமினியம் வைத்து, 10, 20, 40 எம்.ஏ.எஸ். மூன்று படம். மருத்துவப் படங்களுக்கான டைகாம் கோப்புகளாக எடுத்து இமேஜ்ஜேயில் திறந்தேன். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பேண்ட் 1997இல் எழுதிய இலவச மென்பொருள் அது. வட்டம் போட்டு எம் பொத்தானை அழுத்தினால் சராசரியும் திட்டவிலக்கமும் வந்துவிடும். வந்தது. ஆனால் 10க்கும் 40க்கும் தண்ணீரின் சராசரி ஏறக்குறைய ஒரே எண். நாலு மடங்கு கதிர் போயிருக்கிறது, எண் அசையவில்லை. அலுமினியத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு வேறு. ஒரு மாலை முழுக்க இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரணம், நான் அளந்தது எக்ஸ்ரேயை இல்லை, மென்பொருளின் ஒப்பனையை. முதுகெலும்பு என்று தேர்ந்தெடுத்தால் அதற்கென்று விளிம்பைக் கூர்மையாக்கி, வெளிச்சத்தைச் சரிக்கட்டித்தான் படத்தைக் கொடுக்கும். எங்கள் ரீடரின் பட்டியலில் கடைசியில் சோதனைப் படம் என்று ஒன்று இருக்கிறது, அதில் எந்த ஒப்பனையும் இல்லை. அதைத் தேர்ந்தெடுத்து எடுத்தால்தான் தகட்டில் விழுந்தது விழுந்தபடி கிடைக்கும். எங்கள் கருவியில் இந்த எண் லாக் கணக்கில் வருகிறது. கதிர் 10 மடங்கு கூடினால் எண் 1000 கூடும். இதில் ஒரு வசதி: லாக் கணக்கில் இரண்டு எண்ணைக் கழித்தாலே அது கான்ட்ராஸ்ட்தான், எம்.ஏ.எஸ். மாறினாலும் அதன் அர்த்தம் மாறாது. உங்கள் கருவியில் கணக்கு வேறாக இருக்கலாம். எம்.ஏ.எஸ்.ஸை இரட்டித்து எண் எவ்வளவு கூடுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 300 கூடியது.

வட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிதாகப் போட்டால் திட்டவிலக்கம் பொய்யாக ஏறும். ட்யூபின் நேர்மின்முனையான ஆனோடு பக்கம் கதிர் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், அந்தச் சரிவும் நாய்ஸாகக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் சின்ன வட்டம், எல்லாப் படத்திலும் ஒரே அளவு, அலுமினியத்துக்கு இரண்டு பக்கமும் ஆனோடு கேத்தோடு திசைக்குக் குறுக்காக.

இரண்டாவது ஞாயிறு நோட்டில் எழுதியது இது, 75 கே.வி., புலம், அதாவது கதிர் விழும் பரப்பு, 30க்கு 30 செ.மீ.:

10 எம்.ஏ.எஸ்.: கான்ட்ராஸ்ட் 44, நாய்ஸ் 23, சி.என்.ஆர். 1.9
20 எம்.ஏ.எஸ்.: கான்ட்ராஸ்ட் 45, நாய்ஸ் 16, சி.என்.ஆர். 2.8
25 எம்.ஏ.எஸ்.: கான்ட்ராஸ்ட் 44, நாய்ஸ் 14.5, சி.என்.ஆர். 3.0
40 எம்.ஏ.எஸ்.: கான்ட்ராஸ்ட் 44, நாய்ஸ் 11.5, சி.என்.ஆர். 3.8

எழுதி முடித்துவிட்டு ரொம்ப நேரம் இந்த நாலு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதிர் நாலு மடங்கு ஆனால் நாய்ஸ் பாதியாகிறது. புத்தகத்தில் வர்க்கமூலம் என்று படித்தது எங்கள் மேசையிலேயே நடக்கிறது. கான்ட்ராஸ்ட் மட்டும் 44இலிருந்து நகரவே இல்லை. மோர் ஊற்றினாற்போல என்று டாக்டர் சொன்னது இந்த 44ஐத்தான். நாங்கள் இரண்டு மாதம் தப்பான பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தோம்.

கான்ட்ராஸ்ட்டைக் கெடுப்பது என்ன? கே.வி. கூடினால் குறையும், ஆனால் நாங்கள் கே.வி.யை மாற்றவில்லை. கேசட் பழசாகிப் பின்னணிக் கதிரைச் சேர்த்து வைத்திருந்தால் மூட்டம் போடும். நாலு கேசட்டையும் அழித்துவிட்டு மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன், நாலிலும் அதே 44தான். மிச்சம் இருப்பது சிதறல். கதிர் உடம்புக்குள் போய் முட்டி நாலா பக்கமும் சிதறி, படத்தின் மேல் ஒரே சீராக வெளிச்சம் பூசிவிடும். குண்டான வயிற்றில் நேராக வரும் கதிரைவிடச் சிதறி வருவது பல மடங்கு. இதை அறியக் கேசட்டை மேசைமேல், சிதறலைத் தடுக்கும் கிரிட் என்ற தட்டு இல்லாமல், தொட்டிக்கு நேர் அடியில் வைத்து ஒரு படம் எடுத்தேன். கான்ட்ராஸ்ட் வெறும் 17. கிரிட் வேலை செய்கிறது, ஆனால் முழுசாகச் செய்கிறதா?

பிறகு கேசட்டை மறுபடி மேசைக்குள், கிரிட்டுக்கு அடியில் வைத்து, புலத்தை 12க்கு 12 ஆகச் சுருக்கினேன். புலம் சுருங்கினால் சிதறல் குறையும். 44 இருந்தது 58 ஆனது. சிதறல்தான் குற்றவாளி என்று இதில் உறுதியானது. அந்தப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி கேட்டான்: "அண்ணா, ஏன் இந்தப் பக்கம் மட்டும் வெள்ளை ஜாஸ்தியா இருக்கு?"

கேசட் 35 செ.மீ. அகலம். நடுவில் 12 செ.மீ. கதிர் விழுந்தால் இரண்டு பக்கமும் 11½ செ.மீ. காலியாக இருக்க வேண்டும். திரையில் ஒரு பக்கம் 8½, மறுபக்கம் 14½. கதிர் 3 செ.மீ. தள்ளி விழுந்திருக்கிறது. தினமும் எடுக்கும் படங்களில் மென்பொருள் ஓரத்தைத் தானாகவே வெட்டிவிடும், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஒப்பனை இல்லாத படத்தில்தான் பட்டது. அவன் கேட்டிருக்காவிட்டால் நானும் தாண்டிப் போயிருப்பேன்.

இங்கே கிரிட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈயத்தில் மெல்லிய பட்டைகளை நெருக்கமாக நிறுத்திவைத்த தட்டு அது. நேராக வரும் கதிர் பட்டைகளுக்கு நடுவில் நுழைந்துவிடும், கோணலாக வரும் சிதறல் பட்டையில் மோதி நின்றுவிடும். 1913இல் ஜெர்மனியில் குஸ்டாவ் பக்கி கண்டுபிடித்தார். மேசைக்கு அடியில் இருப்பதை நாங்கள் நாளைக்கு நூறு தடவை பக்கி பக்கி என்று சொல்கிறோமே, அது அவர் பெயர்தான். எங்கள் கிரிட் 10க்கு 1 விகிதம், அதாவது பட்டையின் உயரம் பட்டைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப்போல 10 மடங்கு, 100 செ.மீ. குவிதூரம். பட்டைகளெல்லாம் 100 செ.மீ. மேலே ஒரு கோட்டைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும், ட்யூபின் குவியம், அதாவது கதிர் கிளம்பும் புள்ளி, அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் விலகினால் நேர்க்கதிரே பட்டையில் மோதும். எவ்வளவு வீணாகும் என்பதற்கு எளிய கணக்கு: விகிதத்தை விலகலால் பெருக்கித் தூரத்தால் வகுக்க வேண்டும். 10 பெருக்கல் 3, வகுத்தல் 100. முப்பது சதவீதம்!

இந்த விலகலில் மோசமான சங்கதி, வெட்டு படம் முழுக்க ஒரே சீராக விழும். கிரிட்டைத் தலைகீழாக வைத்தால் நடுவில் ஒரு பட்டை மட்டும் தெரிந்து இரண்டு பக்கமும் வெளிறிவிடும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். பக்கவாட்டு விலகலில் எங்கும் எந்தக் கோடும் இல்லை. நேர்க்கதிர் முப்பது சதவீதம் குறைகிறது, சிதறல் வந்தபடியே வருகிறது, மென்பொருள் வெளிச்சத்தைத் தூக்கிவிடுகிறது. பார்ப்பவருக்கு டோஸ் பத்தவில்லை என்றுதான் தோன்றும்.

கணக்கு சரிதானா என்று பார்த்தேன். தொட்டியை எடுத்துவிட்டு, 60 கே.வி., 2 எம்.ஏ.எஸ்., 5 செ.மீ. புலம். மேசையின் நடு என்று ட்யூப் தானாகப் பூட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு, அந்தப் பூட்டு விழும் இடத்திலிருந்து ட்யூபை 1 செ.மீ. 1 செ.மீ. ஆக நகர்த்தி ஒவ்வொரு படம், ஒவ்வொன்றின் நடு எண். கதவுப் பக்கம் 1 செ.மீ. நகர்த்தினால் 1625. பூட்டு விழும் இடத்தில் 1691. சுவர்ப் பக்கம் 1 செ.மீ. போனால் 1747, 2 செ.மீ. 1800, 3 செ.மீ. 1844, 4 செ.மீ. 1798. உச்சி சரியாக 3 செ.மீ.யில். பூட்டு இடத்துக்கும் உச்சிக்கும் 153 வித்தியாசம், லாக்கைப் பிரித்தால் எழுபது சதவீதம்தான் வந்து சேர்கிறது. கணக்கும் மேசையும் ஒரே பதிலைச் சொன்னபோது, உண்மையைச் சொன்னால், கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை.

எப்படி விலகியது? கார்த்திகை மழையில் அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஓதம் ஏறிய தரையை உடைத்து டைல்ஸ் போட்டார்கள். அதற்காக மேசையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு மறுபடி போல்ட் போட்டபோது சுவர்ப் பக்கம் 3 செ.மீ. தள்ளி உட்கார்ந்துவிட்டது. ட்யூப் ஸ்டாண்டு பழைய இடத்திலேயே. மேசைப் பலகை இரண்டு பக்கமும் நகரும் வகை, நோயாளியை வெளிச்சக் குறிக்கு நேராக நகர்த்தி வைத்துக்கொள்வோம். அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. வெளிச்சக் குறி நோயாளியின் நடுவில் இருந்தது, கிரிட்டின் நடுவில் இல்லை.

சர்வீஸ் பொறியாளரை வரவழைத்தோம். இதில் நாமே கைவைக்கக் கூடாது, ட்யூப் நகரும் தண்டவாளமும் உயர்மின் கேபிளும் சேர்ந்த இடம். என் எண்களைக் காட்டினேன், அவர் ஒன்றும் பேசாமல் ஒரு தூக்குக்குண்டு கேட்டார். தரை வேலைக்கு வந்திருந்த கொத்தனாரிடம் இருந்தது. ட்யூபுக்குக் கீழே புலத்தை அளவாக்கும் கொலிமேட்டரின் நடுக்குறியிலிருந்து நூலை இறக்கினார், குண்டு பக்கித் தட்டின் நடுக்கோட்டைவிட்டு 3 செ.மீ.க்கு ஒரு நூல் அளவு குறைவாகத் தொங்கியது. மேசையின் நாலு போல்ட்டையும் கழற்றி, புதுத் துளை போட்டு, ரசமட்டம் பார்த்து, தகடு வைத்து உயரம் சரிசெய்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அப்புறம் முறையான தர உறுதிச் சோதனையும் செய்து சான்று வாங்கினோம்.

அடுத்த ஞாயிறு அதே தொட்டி, அதே துண்டு, 25 எம்.ஏ.எஸ். கான்ட்ராஸ்ட் 52, நாய்ஸ் 13, சி.என்.ஆர். 4.0.

பழைய வரியோடு சேர்த்துப் பாருங்கள். விலகிய கிரிட்டோடு 40 எம்.ஏ.எஸ். போட்டு நாங்கள் பிடித்தது 3.8. நேராக்கிய கிரிட்டோடு 25இலேயே 4.0. டோஸை ஏற்றி நாங்கள் இழந்ததை ஏறக்குறைய மீட்டிருந்தோம், உண்மைதான். அதற்கான விலையைக் கொடுத்தது மேசையில் படுத்தவர்கள். அத்தனைக்கும் மோர் நிறம் போகவில்லை.

துளைப் பலகையைத் தொட்டிக்கு அடியில் வைத்து மூன்று நிலையிலும் எடுத்த படங்களை, எது எது என்று சொல்லாமல், டாக்டரிடமும் தம்பியிடமும் காட்டி எண்ணச் சொன்னேன். விலகிய நிலையில் 25க்கு 10 துளை, 40க்கு 13. நேராக்கிய பின் 25க்கு 14. டாக்டர் ஒரு துளை கூடுதலாகச் சொன்னார், தம்பி ஒன்று குறைவாக, நான் எழுதியிருப்பது நடுவானது. மறைந்தவை எல்லாம் ஒரே மூலையில், சின்ன விட்டம், சின்ன ஆழம். ஆல்பர்ட் ரோஸ் என்ற விஞ்ஞானி 1948இலேயே இதற்குக் கணக்கு போட்டு வைத்திருக்கிறார். ஒரு பொருள் முழுப் பரப்பிலும் சேர்த்துத் தரும் சமிக்ஞை, அதே பரப்பின் நாய்ஸைவிட ஏறக்குறைய 5 மடங்கு இருந்தால்தான் கண் அதை நம்பி இருக்கிறது என்று சொல்லும். பரப்பு பெரிதானால் நாய்ஸ் சராசரியாகி அடங்கும், அதனால்தான் 8 மி.மீ. துளை 1 மி.மீ. ஆழத்திலும் தெரிகிறது, 1 மி.மீ. துளை 4 மி.மீ. ஆழத்திலும் தடுமாறுகிறது. ஒரு சின்ன எலும்பு முறிவுக் கோடு எங்கே தொலைந்து போகும் என்பதை இந்தப் பலகை எனக்குக் கையில் கொடுத்துவிட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் டாக்டர் அறையில் அதே படம் எங்கள் அறையில் தெரிவதைவிட வெளிறித் தெரிந்தது. அது மானிட்டர். ஏ.ஏ.பி.எம். என்ற அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2005இல் வெளியிட்ட டி.ஜி.18 சோதனைப் படத்தைத் திறந்து பார்த்தோம். அதில் முழுக் கருப்புக் கட்டத்துக்குள் 5 சதவீதக் கட்டம் ஒன்று இருக்கும், அது தெரிய வேண்டும். தெரியவில்லை. மேற்கு ஜன்னல் வெயில் நேராகத் திரையில். மேசையைத் திருப்பிப் போட்டு, கனமான திரைச்சீலை மாட்டி, வெளிச்ச அளவைச் சரிசெய்ததும் தெரிந்தது. இதற்குப் பெரிய செலவில்லை. போனில் அனுப்பும் படத்தை வைத்து முடிவு சொல்ல வேண்டாம் என்றும் டாக்டரே அடுத்த அறைக்காரர்களிடம் சொல்லிவிட்டார். ரீடர் தரும் படத்தில் 4096 சாம்பல் படிகள் இருக்கின்றன, போனுக்குப் போகும் படத்தில் 256தான்.

எம்.ஏ.எஸ். அட்டவணையைச் சுவரில் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். இடுப்பு ஏ.பி. மறுபடி 25. அந்த மீனவரைக் கூப்பிட்டு மறுபடம் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். வலி குறைந்து கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார், தேவையில்லாமல் இன்னொரு முறை கதிர் வேண்டாம் என்றார். சரிதான்.

தொட்டியும் துண்டும் இப்போது அலமாரியில் இருக்கின்றன, மாதத்தின் முதல் ஞாயிறு வெளியே வரும். இந்த மாதக் கணக்கு: கான்ட்ராஸ்ட் 52, நாய்ஸ் 13.2. மார்புப் படம் எடுக்கும் சுவர் ஸ்டாண்டை இன்னும் அளக்கவில்லை. அதுவும் அதே தரை வேலையில் கழற்றி மாட்டியது. தண்ணீர்த் தொட்டியை அங்கே நிறுத்த முடியாது, அதனால் பெயர்ப்பலகைக் கடையில் 10 மி.மீ. அக்ரிலிக் துண்டுகள் 10 சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றார்கள்.